பேச்சியக்கா அன்று குதிக்கவில்லை

பேச்சியக்கா போய்விட்டார். காலையில் மாரி போன் பண்ணிச் சொன்னாள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. சேரன்மாதேவி தாண்டி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி. தொண்ணூறுகளில் எனக்கு முதல் வேலை அங்கேதான். அவர் அங்கே சத்துணவு ஆயா.

ரெக்கார்டுபடி அவருக்கு வேலை அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது. ரெக்கார்டில் இல்லாத வேலை ஒன்றும் இருந்தது... மதியம் அண்டா கழுவ ஆற்றுக்குப் போகும்போது செங்கல் சூளைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். தண்ணீரில் விழுந்தால் சாகாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்.

ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கிற ஜாதி அது. ஆனால் சூளைப் பிள்ளைகள் நாங்குநேரிப் பக்கம், வானம் பார்த்த பூமியிலிருந்து அப்பா அம்மாவோடு பிழைக்க வந்தவர்கள். வாளியில் இருக்கிற தண்ணீர்தான் தெரியும்.

நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் ஊர்க் குளம் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் கிரவுண்ட்.

அந்தச் சமயம் ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நேற்று கணுக்கால் நனைந்த இடத்தில் இன்று ஆளை முழுங்குகிற குழி இருக்கும். மேலே பார்த்தால் தண்ணீர் பாட்டுக்குத் தெளிவாக ஓடும்.

அவர் சொல்லிக்கொடுத்தது நீச்சல்கூட இல்லை. மல்லாக்கக் கிட, வாயை மூடு, கையைக் காலை அடிக்காதே... அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைக்குள் காற்றைப் பிடித்து உப்ப வைத்து மிதக்கக் காட்டுவார்.

அதுவும் யூனிஃபார்மோடு! மத்தியானம் என் கிளாஸில் பாதிப் பேர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாத்துத் துணி கொண்டுவரச் சொல்லக் கூடாதாக்கா?"

"இருக்கதே ஒண்ணு, மாத்துக்கு எங்கன போவும்? அதுவுமில்லாம, தண்ணிக்குள்ள விழுதவ மாத்துத் துணி உடுத்திட்டா டீச்சர் விழுவா?"

ஆனால் அவருடைய முக்கியமான பாடம் வேறு. யார் முங்கினாலும் கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. வாயை இறுக்கிக் கட்டிய ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம், அதன் கழுத்தில் முடிந்த பழைய சேலை. குடத்தை எறிந்துவிட்டு, எல்லோரும் மணலில் வரிசையாக உட்கார்ந்து சேலையை இழுக்க வேண்டும். நின்று இழுத்தால் நம்மையும் இழுத்துவிடும்.

"அண்ணன் முங்குனாலும் குதிக்கப்படாது. தங்கச்சி முங்குனாலும் குதிக்கப்படாது."

"நீங்க முங்குனா?" என்றான் ஒருவன்.

"எனக்கும் குடந்தாம்லே."

எனக்கு இது ஒன்றுமே பிடிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் டீச்சர் தலைதான் உருளும் என்று பயம். பெரிய சாரிடம் புகார் சொன்னேன். "பைய பாப்போம் டீச்சர்" என்றார். சரி, இவர் பார்க்க மாட்டார் என்று ஒரு நாள் நானே கிளம்பிவிட்டேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிரே மணல் திட்டில் பிள்ளைகள். நடுவில் கணுக்கால் தண்ணீர். "எல்லாரும் ஸ்கூலுக்கு நடங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

"அங்கன கூடி வராதிய டீச்சர்!" என்றார் பேச்சியக்கா. என்னையே தடுக்கிறாரே என்று இன்னும் வேகமாக நடந்தேன்.

ரெண்டு எட்டு. மூன்றாவது எட்டுக்குத் தரை இல்லை.

மேலே வரும்போதெல்லாம் அவர் தெரிந்தார். உட்கார்ந்திருந்தார்... வெள்ளத்திலேயே அக்கரைக்கு நீந்திப் போய் வருகிறவர், நான் செத்துக்கொண்டிருக்கும்போது மணலில் உட்கார்ந்திருந்தார்!

"மல்லாக்கப் படுங்க டீச்சர்! அடிக்காதிய!"

குடம் வந்து நெற்றியில் இடித்தது. கட்டிக்கொண்டேன். வரிசையாக உட்கார்ந்து தேர் இழுக்கிற மாதிரி இழுத்துப் போட்டார்கள்.

வாந்தி எடுத்து முடித்ததும் நான் பேசிய முதல் வார்த்தை, "நீங்க ஏன் குதிக்கல?" அவர் என் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஆற்றுப் பாடத்தை நான் தடுக்கவில்லை. ஆனால் அவரோடு பேசுவதை விட்டுவிட்டேன். புகார் சொன்னதற்குப் பழி தீர்த்தார் என்றே நினைத்தேன்... வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். மறு வருஷம் நாகர்கோவில் பக்கம் மாற்றல். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அவரிடம் மட்டும் முகத்தைப் பார்க்காமல் "வாரேன்" என்றேன்.

மாரி அந்தச் சூளைப் பிள்ளைகளில் ஒருத்தி. அன்று குடத்தை எறிந்தவள். பிறகு அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டுவிட்டாள். இன்று காலை அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க முங்குனதும் அக்கா ஒரு காலத் தண்ணிக்குள்ள வச்சிட்டாவ டீச்சர். நானும் வச்சிட்டேன். பின்னாலயே எல்லாப் பிள்ளையளும் வந்துட்டு. அக்கா திரும்பி எங்களப் பாத்தாவ. கால வெளிய எடுத்தாவ. எடுத்துட்டு அங்கனயே உக்காந்து, 'உக்காருங்கலே'ன்னாவ. மேலெல்லாம் வெடவெடன்னு ஆடுது டீச்சர் அவியளுக்கு..."

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். போனை வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். பஸ்ஸில் இருக்கிறேன், நாங்குநேரி தாண்டிவிட்டது.

உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுங்க அக்கா... வந்துக்கிட்டே இருக்கேன்.