பைப்பின் மறுமுனை

பிள்ளைகளா, அப்பா ஏன் அந்தக் கம்பெனி வேலைக்குப் போகவில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நம் ஊர் போலகத்தில் நடவுக்கு மெஷின் வந்த பிறகு எனக்கு வயலில் வேலை குறைந்துபோனது. காரைக்கால் டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் பிளம்பர் வேலை பழகச் சேர்ந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். பரீட்சை என்றாலே ஒதுங்கிவிடுவேன். அங்கே மார்க்கே கிடையாது என்றார்கள். பைப் அறுக்கணும், அதன் முனையில் திருகி மாட்டுவதற்கு மறை போடணும், ஒழுகாமல் மாட்டணும். செய்து காட்டினால் 'தகுதி உண்டு'. வராவிட்டால் 'இன்னும் இல்லை', அவ்வளவுதான். எல்லாவற்றிலும் தகுதி வாங்கினவர்களை ஒரு கம்பெனி மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். உங்கள் அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

என் பக்கத்து மேஜை கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஒருவருக்கு. கடலுக்குப் போய் முதுகு கெட்டுப்போன மனுஷன். மச்சான், மச்சான் என்று பழகிவிட்டோம்.

"நீ மாட்டுன பைப்புல ஊரே குளிக்கலாம் மச்சான்" என்பார்.

"உன் பைப்புக்கு அடியில மீனே வளர்க்கலாம்" என்பேன் நான்.

செய்து காட்டுகிற நாளில் வெளியூரிலிருந்து ஒரு சார் வந்தார். அவரவர் தனியாகச் செய்யணும், இன்னொருத்தர் கை பட்டால் செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மச்சான் செய்து முடித்துத் தேறிவிட்டார். அடுத்து நான். இரும்புப் பைப்பை மேஜையில் பூட்டியிருக்கும் பிடியான வைஸில் இறுக்கி மறை போட ஆரம்பித்தேன். அந்த வைஸின் பல் தேய்ந்துபோயிருந்தது. பாதியில் பைப் சுழன்று நழுவியது. அது கீழே விழுவதற்குள் மச்சான் தாவி மறுமுனையைப் பிடித்துவிட்டார்.

அவர் ஊரில் படகு கரையேறும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. யார் படகு என்றும் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் கை வைப்பான். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிய கை.

"தனியாச் செய்யணும்னு சொன்னேன்ல?" என்றார் சார்.

"பைப்பு விழுதே சார். பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்கச் சொல்றீங்களா?"

"ஆமாங்க. நாளைக்கு ஒரு வீட்டு மாடியில இவர் ஒத்தையா நிப்பார். அப்ப யார் பிடிப்பா?"

"பக்கத்துல இருக்குறவன் பிடிப்பான் சார்."

சாருக்கும் வருத்தம்தான். ஆனாலும் எனக்கு 'இன்னும் இல்லை' என்றே போட்டார்.

திரும்பச் செய்து காட்டலாம் என்றார்கள். கேட்கப் போகும்போதெல்லாம் "ஆள் சேரட்டுங்க, சொல்றோம்" என்றே பதில் வந்தது. கடைசியாகப் போனபோது எங்கள் மேஜைகள் இருந்த இடத்தில் தையல் மெஷின்கள் இருந்தன. கம்பெனியிலும் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்னாடி கம்பெனி மச்சானைக் கூப்பிட்டபோது, "நீ இல்லாம நான் போக மாட்டேன் மச்சான்" என்று அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான்தான் போகச் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, வயிறு எரியாமல் இல்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் கம்பெனிச் சட்டையோடு அவரைப் பார்க்கிறேன். அவர் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறார், நான் ஒரு பக்கம்.

நான் டவுனில் ஒரு பிளம்பரோடு போகிறேன். அவர் மறை போடுகிறார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாத நாளில் வீடு. கம்பெனி வேலையைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள். அம்மாவிடமும் கேட்காதீர்கள்.