வளர்ற பொண்ணுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் ஜாய்ஸ் பந்தோடு கோலை நோக்கிப் பறந்து வந்தாள். அவள் வந்துவிட்டாள். அவள் காலில் இருந்த பூட்ஸ்தான் வர அரை நொடி தாமதமாகிவிட்டது.

விளைவு? சிமெண்ட் தரையில் முழங்கால் தேய விழுந்தாள். பந்து எதிர் டீம் பெண்ணின் ஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவும் எங்கே? ஸ்டேட் டீம் செலக்‌ஷனில்... தேர்வாளர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மீனம்பாக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையூர் வட்டாரத்தில் இவரைவிட நல்ல மனிதர் கிடையாது. ஆனால் எதையும் சரியான அளவில் வாங்கத் தெரியாது. ஸ்கூல் யூனிஃபார்ம், மழைக்கோட்டு, கொசுவலை – எல்லாம் ஒரு சைஸ் பெரிசு. கல்யாணத்தன்று சர்ச்சில் ஃபாதர் முன்னால் இவர் எனக்குப் போட்ட மோதிரம், கை கழுவினால் குழாயடியில் கிடக்கும். கேட்டதற்கு, கல்யாணத்துக்கு அப்புறம் சதை போடும் என்று கணக்குப் போட்டாராம். எனக்குச் சதை போடவில்லை. இன்றுவரை நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறேன்.

சரி, பூட்ஸுக்கு வருவோம்.

ஹாக்கி என்றதும் புல்தரையை நினைக்காதீர்கள். ஜாய்ஸ் ஆடுவது ரோலர் ஹாக்கி. சக்கரம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வளைந்த ஸ்டிக்கோடு, சிமெண்ட் தளத்தில் ஆடுவது. எங்கள் ஏரியாவில் ஒரு ஸ்கூலில் மாஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். வேடிக்கை பார்க்கப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். ஜூனியர் ஸ்டேட் டீமில் ஆட வேண்டும் என்பதுதான் அவள் கனவு, ஜெபம், எல்லாம். இந்த வருடம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

போன வருடம் மாஸ்டர் கொடுத்த கிளப் ஸ்கேட்ஸைப் போட்டுக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போனாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய்த் திரும்பி வந்தாள். மாஸ்டர் என்னிடம், "பொண்ணு நல்லா ஆடுது மேடம். பூட்ஸோட சண்ட போட்டுகினே ஆடுது, அதான் பேஜாரு" என்றார்.

பிரச்னை அவள் கால். முன்பக்கம் முறம், பின்பக்கம் முருங்கைக்காய். சந்தேகமே வேண்டாம், என் மாமியார் வீட்டுக் கால். முன்னால் இடம் இருந்தால் குதிகால் ஆடும். குதிகாலைப் பிடித்தால் முன்னால் நெரியும். மவுண்ட் ரோட்டில் ஒரு கடை பாக்கியில்லை. சின்ன சைஸைப் போட்டு அவள் முகம் சுளித்தால், "போடப் போட லூஸாகிடும் மேடம்" என்பார் கடைக்காரர். பெரிய சைஸைப் போட்டுக் குதிகால் ஆடினால், "ரெண்டு சாக்ஸ் போட்டா டைட்டாகிடும்" என்பார். அதே கடை, அதே ஆள், அதே வாய்!

கடைசியில் பழைய ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். அதுவும் கடித்தது. மிச்சம் இருந்தது ஒரே வழிதான்... அளவு கொடுத்துத் தைப்பது.

சுலபமாகத் தோன்றுகிறதா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. அடியில் இருக்கும் இரும்புத் தகடும் சக்கரமும் இங்கே தனியாகக் கிடைப்பதில்லை. பழைய பூட்ஸிலிருந்து கழற்றித்தான் புதிய பூட்ஸில் பூட்ட வேண்டும். புதியது சரியில்லை என்றால் பழையதற்குத் திரும்ப முடியாது. கழற்றின இடமெல்லாம் ஓட்டை. கடிக்கிற பூட்ஸாவது கையில் இருக்கட்டுமா, இல்லை அதையும் பிரித்துப் போட்டுவிட்டுக் ஆண்டவரை நம்புவதா?

ஜாய்ஸ்தான் முடிவு செய்தாள். "அம்மா, இந்த பூட்ஸ்ல போனா நான் காலப் பத்தியே நெனச்சுகிட்டு ஆடுவேன். பந்தப் பத்தி எப்ப நெனக்கிறது?"

பழைய பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பல்லாவரத்தில் காதர் பாய் என்று ஒருவர். தோல் பூட்ஸ் தைத்து ஏற்றுமதிக்குக் கொடுப்பவர். நல்ல வாயாடி. குதிரை ஏறுகிறவர்களுக்குத் தைத்திருக்கிறாராம், சக்கரத்துக்கு இதுதான் முதல் தடவையாம். ஜாய்ஸை நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கணுக்காலுக்கு டேப் பிடித்தார். கச்சிதமா இருக்கணும் பாய், கையுறை மாதிரி இருக்கணும் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். "நீங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போங்க, நான் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

போனோம். பின்னாலேயே இவரும் வந்தார், முகத்தில் ஒரு திருப்தியோடு. அந்தத் திருப்தியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செலக்‌ஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூட்ஸ் தயார். நானும் ஜாய்ஸும் பல்லாவரம் வெள்ளிச் சந்தைக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கறுப்புத் தோல், பளபளப்பு, புது வாசனை... அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போட்டாள். லேஸை இழுத்துக் கட்டினாள். எழுந்தாள். குதிகாலைத் தூக்கினாள்.

கால் மேலே வந்தது. பூட்ஸ் தரையிலேயே இருந்தது.

நான் பாயைப் பார்த்த பார்வையில் அவருக்கே வியர்த்திருக்கும்.

"என்னை ஏன் மேடம் மொறைக்கிறீங்க? சார்தான் சொன்னாரு. வளர்ற பொண்ணு, ஒரு வெரக்கட தாராளமா வுடு பாய்னு. உங்க வூட்டுக்காரர் சொல்றப்போ நான் இன்னா பண்றது?"

மறுபடி தைக்க முடியுமா என்று கேட்டேன். தோல் கால் அச்சிலேயே கிடந்து காய வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது என்றார். பழைய பூட்ஸ் ஒரு மூலையில் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது.

அன்று சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு வருஷமாவது வரும்னுதான்..." என்றார்.

"அவளுக்கு ரெண்டு வருஷம் கெடையாதுங்க. ரெண்டு நாள்தான் இருக்கு."

அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை. அவர் சாப்பிடவில்லை. ஜாய்ஸ் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை முழுக்க பூட்ஸுக்குள் எதையாவது அடைத்துக்கொண்டே இருந்தோம். பஞ்சு வைத்தால் உருண்டையாகத் திரண்டு உள்ளங்காலைக் குத்தியது. ஸ்பாஞ்ச் வைத்தால் கால் உயர்ந்து கணுக்கால் வெளியே வந்தது. இரண்டு சாக்ஸ் போட்டால் வழுக்கியது.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் எந்தக் குழந்தையாவது அளவான யூனிஃபார்ம் போட்டிருக்கிறதா? ஜூன் மாதம் மடித்துத் தைத்ததைப் பிரித்துவிடும் நேரத்தில் முட்டியில் கிழிந்திருக்கும். நாளைக்கு வரப்போகிற பெண்ணுக்காக வாங்குகிறோம். இன்றைக்கு இருக்கிற பெண் அதில் தடுக்கி விழுகிறாள். என் பெண் நிஜமாகவே விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை அப்படி விழுந்த பிறகு அவள் ஆட்டமே மாறிப்போயிற்று. ஈரமான பாத்ரூமில் நடப்பது போல ஜாக்கிரதையாகப் போனாள். பந்து பக்கத்தில் வந்தும் விட்டுவிட்டாள். தேர்வாளர்களில் ஒருவர் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறு பெண்ணைக் கவனிக்க ஆரம்பித்தார்.

இடைவேளையில் மாஸ்டர் வந்து, முடியாவிட்டால் சொல், வேறு பெண்ணை இறக்குகிறேன் என்றார். ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள். ஆடு என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பயந்தால் மோதிரத்தைத் திருகுவது என் பழக்கம். திருகிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த இவர் என் விரலையே பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று போய் ஜாய்ஸ் முன்னால் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளே இருந்த பஞ்சு, துணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார்.

"அடைச்சதுதான் தப்பு. மோதிரத்துக்கு உங்கம்மா என்ன பண்ணா? மோதிரத்த மாத்தினாளா? நூலச் சுத்தினா."

அன்று இவர் காலைப் பூசையிலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளை வேட்டி, எட்டு முழம், ஈஸ்டருக்கு எடுத்தது. மாஸ்டரிடம் பிளேடு வாங்கினார். கரையில் ஒரு கீறல் போட்டுச் சர்ரென்று பாதியாகக் கிழித்தார். மீதி நாலு முழத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். கிழித்ததை நீளநீளமாகக் கீறி, மகளின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல்களை விட்டுவிட்டு நடுப்பாதம், குதிகால், கணுக்கால் என்று மாற்றி மாற்றிச் சுற்றினார். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே சுற்றினார்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கோபம் அப்படியேதான் இருந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜாய்ஸ் எழுந்தாள். குதிகாலைத் தூக்கினாள். பூட்ஸும் கூடவே வந்தது.

இரண்டாம் பாதியை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு பந்தை அவள் தட்டிக் கொடுத்து இன்னொரு பெண் கோல் போட்டாள். இன்னொன்று ஜாய்ஸே போட்டாள். அதே ஓட்டம், அதே திருப்பம், காலும் பூட்ஸும் ஒன்றாக வந்தன. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் பேர் வாசித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். இவள் பேர் வரவில்லை. இன்னும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண் துள்ளிக் குதிக்கிறாள், இவள் தன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முடிந்தது என்று நினைத்து நான் பையைத் தோளில் மாட்டும்போது, கடைசிப் பேராக ஜாய்ஸ் என்றார்கள்.

திரும்பி இவரைத் தேடினேன். ஒற்றை மடிப்பு வேட்டியோடு வெயிலில் நிற்கக் கூச்சப்பட்டு, தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியிலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

நேஷனல்ஸ் வருவதற்குள் வேறு ஜோடி தைக்கக் காதர் பாயிடம் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை நான் கடையில் நிற்பேன், இவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்.

நேற்று ஸ்டேட் டீம் ஜெர்சி வந்தது. ஆசையாகப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள் ஜாய்ஸ். கை முட்டியைத் தாண்டித் தொங்கியது, கீழே கிட்டத்தட்ட முழங்கால் வரை. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ஜாய்ஸ்தான் போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பரவால்லப்பா... வளர்ற பொண்ணுதானே."