முப்பத்திநாலாம் நம்பர் சட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருந்த தையல் கம்பெனியில், அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்றுக்குச் சட்டை தைத்தோம். முதுகிலுள்ள பெயரையும் நம்பரையும் ஆட்டக்காரர் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது ஓர் அம்மாவின் வேலை. திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருவார். ஒல்லி உடம்பு, கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். அந்த ஆட்டத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும், "பதினேழு இந்த வருசம் ஒடம்பு வச்சிட்டாரு சார், ரெண்டு சைஸ் ஏறிக்கீது" என்பார். மடிக்கும் முன் ஒவ்வொரு சட்டையின் தோளிலும் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார்.

ஒருநாள் திருத்திய பட்டியல் வந்தது. முப்பத்திநாலாம் நம்பர்காரர் அதில் இல்லை. அவர் சட்டையோ தைத்தாகிவிட்டது.

"இவருக்கு இன்னா சார் ஆச்சு?"

"டீம்லேர்ந்து எடுத்துட்டாங்கம்மா."

"அவராண்ட சொல்லிட்டாங்களா? இல்ல, நமக்குத்தான் மொதல்ல தெரியுதா?"

"தெரியலம்மா" என்றேன். அவர் அந்தச் சட்டையைத் தோளில் தட்டி, மடித்து, மேசை ஓரமாக வைத்தார்.

என் பாக்கெட்டில் அப்போது இன்னொரு பட்டியல் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாதவர்களின் பட்டியல். மூன்றாவது பெயர் அவருடையது. சனிக்கிழமை சாயங்காலம்வரை வாய் திறக்கக் கூடாது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமா சார்?"

தலையாட்டினேன். இஞ்ச் டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முப்பத்திநாலு ஓரமா கீறாரு. தூக்கிப் போட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.