வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

என் மகள் குடியிருப்பதற்கு வண்டி பார்க்கப் போனோம். வீடு பார்க்க அல்ல, வண்டி பார்க்க. இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நம்பியபிறகு, பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு லேப்டாப்பிலேயே வேலை பார்க்கிறாள். எங்கே உட்கார்ந்தாலும் அவள் வேலை நடக்கும். மதுரையில் கட்டிக்கொடுத்தோம். மூன்று வருஷத்தில் இரண்டு தடவை பையோடு கோவில்பட்டிக்கு வந்தாள். இரண்டு தடவையும் நானே பஸ் ஏற்றி, கூடவே போய், அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தேன். அனுசரித்துப் போகச் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் எங்களிடம் வரவில்லை. கூடப் படித்த பெண் ஒருத்தியின் வீட்டிலிருந்து போன் செய்து, விவாகரத்துக்கு மனு போட்டாயிற்று என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள்.

பிறகு வாடகைக்கு வீடு தேடினாள். திருநெல்வேலியிலும் பார்த்தாள், இங்கேயும் பார்த்தாள். உன் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்காத ஓனர் யாரும் இல்லை. ஒரு நாள் வந்து, இனிமேல் வண்டியில்தான் இருக்கப்போகிறேன் என்றாள்.

"நம்ம வீடு இருக்குல்லா?" என்றேன்.

"அது உங்க வீடுப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "கேட்டுக்கிட்டீயளா?" என்றாள். அவள் இரண்டு தடவையும் என்னைத் தடுத்தவள்.

ஆனாலும் வண்டி பார்க்க மகள் என்னைத்தான் கூப்பிட்டாள். இருபத்தாறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் லோடு அனுப்புகிற வேலை பார்த்தவன் நான். எந்த வண்டி எந்த ரோட்டில் நிற்கும், எது படுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்து கொடுத்தால் பழையபடி என்னோடு பேசுவாள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வேறு பிடிமானம் இல்லை.

ஒரு நோட்டுப் போட்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல எழுதினேன். தகரக் கூரை சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும், என்ன அட்டை ஒட்டினால் தணியும். கரிசல் தரையில் மழை பெய்தால் எந்த டயர் புதையும். நிமிர்ந்து நிற்க எவ்வளவு உயரம் வேண்டும். சரக்கு வண்டியைக் குடியிருக்கிற வண்டியாக மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னென்ன கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பு மையில், 'வெளியே இருந்து உள்ளே தெரியக் கூடாது' என்று எழுதிக் கோடும் போட்டேன். தனியாகப் படுத்திருக்கிற பெண்பிள்ளையை எவனும் எட்டிப்பார்க்கக் கூடாது. என் பயமெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அதனால் நான் முடிவு செய்தது, பின்னால் நாலு பக்கமும் மூடிய பெட்டி கட்டிய மினி லாரி. அவள் கேட்டது பழைய ஸ்கூல் வேன். சுற்றிலும் கண்ணாடி, ஊரே வேடிக்கை பார்க்கும் என்றேன். பார்த்தால் பார்க்கட்டும் என்றாள்.

பைபாஸ் பக்கத்தில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் இரண்டுமே நின்றன. நான் கேட்டுக்கொண்டதற்காக முதலில் மினி லாரியைப் பார்க்கச் சம்மதித்தாள். பின்பக்கமாக ஏறினாள். கால் நீட்டிப் படுத்தால் நீளம் போதுமா என்று பார்க்க, வெறும் தகரத்தில் படுத்தாள். "போதும்ப்பா" என்றாள்.

வெளியே நின்றிருந்த நான் கதவைச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கதவு ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் நினைத்தேன். கை அதோடு நிற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏறியதும் லாரிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். டிரைவருக்கு, கிளம்பலாம் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் தினமும் செய்ததை அன்றைக்கும் செய்தேன். இரண்டு தட்டும் தட்டினேன்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது. தீப்பெட்டிப் பண்டலுக்கு எதற்கு உள்பிடி?

"என்ன அண்ணாச்சி, பிள்ளைய லோடு ஏத்திட்டியளா?" என்று வண்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. வேகமாக இல்லை. நிதானமாக, விட்டுவிட்டு. பிறகு அவள் குரல். எனக்குத் தெரியாத குரல்.

"அத்த, திறங்க. நான் எங்கயும் போகல. இங்கனயேதான் இருக்கேன். திறங்க, அத்த."

தாழ்ப்பாள் என் கைக்கு வரவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. வண்டிக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அதை அடித்துத் திறந்தார். அவள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் தடவை பையோடு வந்தபோது அவள் என்னிடம் சொன்னாள். மாமியார் வெளியே போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள் என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "பாதுகாப்புக்குத்தானம்மா பூட்டுதாங்க" என்றேன். அப்படித்தான் சொன்னேன். மறந்தே போயிருந்தேன். அந்த வண்டி முன்னால் நின்றபோது, பேப்பரில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதுகூட ஞாபகத்துக்கு வந்தது. அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இறங்கித் தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். நேராக ஸ்கூல் வேனுக்குப் போய் ஏறிக்கொண்டு, கதவுகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்து சாத்தித் திறந்தாள். சைடு கதவு, பின்னால் இருக்கிற அவசரக் கதவு, அப்புறம் ஒவ்வொரு கண்ணாடியாக. நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, கூரை தாழ்வாக இருக்கிறதே, நிமிர்ந்து நிற்க முடியாதே என்றேன்.

"குனிஞ்சு நின்னு பழக்கம்தான்" என்றாள்.

அதையே வாங்கினாள். மஞ்சளை மறைத்து வெள்ளை அடித்தாள். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சுரண்டிய இடம் இன்னும் திட்டாகத் தெரிகிறது. அவசரத்துக்கு ஒரு சாவி என்னிடம் இருக்கட்டுமே என்றேன். வேண்டாம் என்றாள். அம்மாவிடம் ஒன்று கொடுத்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் மானாவாரிக் காடு இருக்கிறது. வேலை இல்லாத நாட்களில் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறாள். காட்டுக்குள் இறக்குவதில்லை, தார் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்துகிறாள். நான் எழுதியதில், கரிசலில் டயர் புதையும் என்ற அந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா கொடுத்துவிடுகிற சோற்றை நான் பைக்கில் கொண்டுபோவேன். கதவைத் தட்டுவதில்லை. "அப்பா வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, அவளுக்குத் தெரிகிற மாதிரி வெயிலில் நிற்கிறேன். திரையை விலக்கிப் பார்க்கிறாள். சில நாள் கதவைத் திறக்கிறாள். பல நாள் கண்ணாடியை மட்டும் தள்ளி, பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறாள்.