கொடியில் காய்ந்த மஞ்சள் கவுன்

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், என் மனைவிகூட இதற்காக என்னைத் திட்டியிருக்கிறாள். இதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது பட்டப்பகலில், காரைக்கால் ஊருக்குள்ளேயே.

எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு என்று எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவர்களுக்குப் பூட்டிய வீடு என்றால் வசதி. பாட்டிலை உடைத்துப் போட்டார்கள், குழாயைக் கழற்றினார்கள், ஒரு நாள் மாடி ஜன்னலையே பெயர்த்துவிட்டார்கள். வீட்டுக்கார அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ஆள் இருக்குற மாதிரி காட்டுங்க தம்பி. கொடியில நாலு துணி தொங்குனாலே எவனும் கிட்ட வரமாட்டான்."

இங்கே பலர் செய்கிற வேலைதான். மனைவி அந்த வாசலிலும் கோலம் போட்டாள். நான் என் பழைய சட்டை, அவளுடைய நைட்டி, எங்கள் மகள் நிலாவின் ஒரு மஞ்சள் கவுன், மூன்றையும் நனைத்து அந்த வீட்டு மாடிக் கொடியில் போட்டேன். நிலாவுக்கு இப்போது பதினொரு வயது, அந்தக் கவுன் ஆறு வயதில் போட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறை மறுபடி நனைத்துப் போடுவேன். தொல்லை நின்றது.

ஜன்னலைச் சரிசெய்ய அம்பகரத்தூர் ஆசாரி ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் திடீரென்று வந்து நின்றார், அதனால் அவர் வந்தது என் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. கீழே எவனாவது நுழைந்தால் மேலே தெரியாது, பூட்டிக்கொண்டு போங்கள் என்று அவரே சொன்னார். பூட்டிவிட்டுப் போய் ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"வீட்ல ஆளே இல்லன்னீங்களே சார்! பாப்பா என்னை ஒரு நிமிஷம் சும்மா விடல. ஏன் இப்படித் தட்டுறீங்க, அது என்ன ஆணின்னு ஒரே கேள்வி. வாத்தியார் புள்ளன்னு சொல்லாமலே தெரியுது."

"எந்தப் பாப்பா?"

"மஞ்சக் கவுனு. முன்பல்லு ரெண்டும் இல்ல. அப்படியே உங்க சாடை."

கவுன் கிளிப்போடு கொடியில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. நிலாவுக்குப் பல் முளைத்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆசாரி அவளைப் பார்த்ததே கிடையாது. உடனே அவள் படிக்கும் பள்ளிக்குப் போன் செய்தேன். வகுப்பில்தான் இருக்கிறாள், காலையிலிருந்து எங்கும் போகவில்லை என்றார்கள். ஆசாரியை அனுப்பிவிட்டுத் துணிகளை இழுத்துச் சுருட்டினேன். வீடு உடைந்தால் உடையட்டும், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

ஐந்து மணிக்கு நிலா வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆசாரி மாமாவுக்குக் கை எப்படிப்பா இருக்கு?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல."

அவ்வளவுதான். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலுக்கு வந்து ஆசாரிக்குப் போன் செய்து, கையில் ஏதாவது பட்டதா என்று கேட்டேன்.

"உளி வழுக்கி உள்ளங்கையில லேசா கீறிடுச்சு. இதைப் போயி உங்ககிட்ட சொல்லணுமான்னு விட்டுட்டேன். பாப்பா மட்டுந்தான் பாத்துச்சு. கையைப் புடிச்சு ஊதி விட்டுச்சு சார், ஜில்லுன்னு இருந்துச்சு."

சாவியை அக்காவின் உறவுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நிலாவிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

போன வாரம் மனைவியின் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. நிலா ஓடிவந்து ஊதக் குனிந்தாள். நான் என்னையறியாமல் மனைவியின் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். நிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.