ஒரு கை நீளப் பாவாடை

என் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மாட்டுகிற கொக்கியில் இப்போது ஓர் ஓலைப்பெட்டி தொங்குகிறது. விசிறியைக் கழற்றச் சொன்னதே நான்தான். கழற்ற வந்த எலக்ட்ரீசியன் ஏணியில் நின்றுகொண்டு, "சித்திரை வெயில்ல எப்படி இருப்பீங்க ஆத்தா?" என்று கேட்டார். "அதை நான் பாத்துக்கிறேன், நீங்க கழட்டுங்க" என்றேன். கான்கிரீட் வீட்டில் பெட்டி தொங்கவிட விட்டம் ஏது? இருக்கிற கொக்கி அது ஒன்றுதான். வேர்த்து வழியக் கீழே உட்கார்ந்து அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கொழுந்தன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் இருந்தவரை இந்தப் பெட்டி என் வீட்டுப் படி ஏறியதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும், சொல்வதில் பிழை இராது. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை எங்களில் வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டிக்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு புதுப் பாவாடை, சட்டை, வளையல், சீப்பு, கண்மை எல்லாம் வைத்து விட்டத்தில் தொங்கவிடுவோம். வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி, பெட்டியை இறக்கிப் படைப்போம். பழைய துணியை எடுத்து உறவில் ஒரு பெண்பிள்ளைக்கு உடுத்திவிட்டு, புதுசை உள்ளே வைப்போம். இந்தப் பெட்டியில் இருக்கிற சாமி நான் பெற்ற மகள். எட்டு வயதில் ஒரு காய்ச்சலில் போனாள்.

என் மகளைத் தூக்கி வளர்த்தவள் சின்னவள், என் கொழுந்தன் பெண்டாட்டி. என் மாமியார் எங்கள் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே சொல்கிறேன். சின்னவள் வாக்கப்பட்டு வந்தபோது என் மகளுக்கு நாலு வயது. நான் வயலுக்குப் போய்த் திரும்புவதற்குள் குளிப்பாட்டிச் சடை பின்னி, மை வைத்து உட்கார்த்தி வைத்திருப்பாள். நான் பின்னினால் சடை சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிடும். அவள் பின்னினால் மறுநாள் வரை நிற்கும். ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு பிள்ளை அவள் பக்கம்தான் போகும். எனக்கு அது பிடித்ததே இல்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூட என் மடியில் படுத்துக்கொண்டு "சின்னாத்தா, சின்னாத்தா" என்றுதான் கூப்பிட்டாள். பெற்றவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொன்னதில்லை.

பாகம் பிரித்தபோது பழைய ஓட்டுவீடு கொழுந்தனுக்கு வந்தது. ரோட்டோரத்து மனையில் நாங்கள் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டோம். சாமி இருந்த விட்டத்தை விட்டு நகரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதாவது என் மகள் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வருஷா வருஷம் படைப்புக்கு நான் அழைப்பு வாங்கிக்கொண்டு போகவேண்டும். போனால் பலகை போடுவாள், காப்பி கொடுப்பாள், விருந்தாளியைப் போல. சாம்பிராணி அவள் கையில், சூடம் அவள் கையில். ஒரு வருஷம் பழைய பாவாடையைத் தன் அண்ணன் மகளுக்கு உடுத்தி அனுப்பிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு நான் அந்த வாசலுக்குப் போவதை நிறுத்தினேன். எதிரே பார்த்தால் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நிற்பாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

கொழுந்தன் காலமாகி, மகன்கள் இரண்டு பேரும் வெளிநாடு போன பிறகு, முன்பக்கத்து அறையை ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டாள். புதுக்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண், புருஷன் இல்லை, நாலு வயதில் ஒரு பாப்பா. காலையில் அந்தப் பெண் பஸ் ஏறினால் பாப்பா முழுப்பொழுதும் சின்னவள் இடுப்பில்தான். நான் மாடியில் வடகம் காயப்போடும்போது பார்ப்பேன். வாசலில் உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டிருப்பாள். செத்த மகளும் அவளுக்கு, உயிரோடு இருக்கிற மகளும் அவளுக்கு. எனக்கு வடகம்.

அந்தப் பாப்பா காணாமல் போனது ஒரு படைப்பு வெள்ளிக்கிழமை. பச்சைத் துணியில் அரக்குக்கரை வைத்து இரண்டு பாவாடை தைத்திருக்கிறாள் சின்னவள். ஒன்று சாமிக்கு, ஒன்று பாப்பாவுக்கு. சாமிக்கு எடுத்த துணியில் இன்னொரு பிள்ளைக்கும் எடுக்கலாமா என்று யாரையும் கேட்டுச் செய்கிறவள் இல்லை அவள். காலையில் பாப்பாவுக்கு உடுத்திவிட்டு, வீடு கழுவி, பெட்டியை இறக்கிப் படைத்து, மறுபடி ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

கிணறு, கண்மாய், கருவைக்காடு எல்லாம் தேடினார்கள். சாயங்காலம் போலீஸ் வந்தது. வீட்டைச் சோதித்தவர்கள் பெட்டியை இறக்கி முற்றத்தில் வைத்துத் திறந்தார்கள். உள்ளே பச்சைப் பாவாடை, அரக்குக்கரை. பிள்ளை உடுத்தியிருந்ததாகத் தாய் எழுதிக் கொடுத்த அதே துணி. ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் தோய்ந்து சிவப்பாக இருந்தது. எட்டிப் பார்த்த கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். இருட்டுவதற்குள் அந்தப் பாவாடை எல்லார் கைக்கும் போய்விட்டது. யாரோ அந்தக் கறையைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். திருச்சியில் இருக்கிற என் மகன் கூப்பிட்டு, "ஏம்மா, சித்தி வீட்டுல நரபலின்னு போட்டுருக்கான், நெசமா?" என்று கேட்டான். டீக்கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"பட்டப்பகல்ல வீட்டைக் கழுவி விட்டுருக்கா. ஏன் கழுவுனா?"

"சாமி துணிங்குறா. எந்தச் சாமி பச்சைப் பாவாடை கட்டுது?"

"மகன் ரெண்டு பேரும் வெளிநாட்டுல. பேத்தி இல்லை. ஏதோ வேண்டுதல்ப்பா."

படைப்புக்கு வந்து சுண்டல் வாங்கித் தின்ற வாய்களும் அதில் இருந்தன. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதேபோல் பெட்டி தொங்குகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்ததாகத் தங்கள் பெட்டியை இறக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மறுநாள் காலையில் வாசலெல்லாம் ஜனம். டிவிக்காரர்கள் இரண்டு காரில் வந்து இறங்கியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. என் மகள் செத்தபோது கொட்டகைக்குள் அடங்குகிற கூட்டம்தான் வந்தது; சின்னவளுக்கு ஊரே திரண்டு நிற்கிறது என்று தோன்றியது. நினைப்பு அப்படித்தான் ஓடியது, மறைக்க என்ன இருக்கிறது? ஒரு பெண் மைக்கை நீட்டி, "அம்மா, நீங்க அவங்களுக்குச் சொந்தமா? அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்டாள். "தள்ளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியை மிதித்தேன்.

முற்றத்தில் சின்னவள் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் பாப்பாவின் தாய். முதல்நாள் முழுக்க அவள் தோளிலேயே சாய்ந்து அழுத பெண்தான். ஊர் பேசியது ராத்திரிக்குள் அவளுக்குள்ளும் இறங்கிவிட்டது. "எம்பிள்ளைய என்னக்கா பண்ணுனீங்க? சொல்லிருங்கக்கா" என்று சின்னவள் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்ஐ அம்மா ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே சிலர் கல்லோடு நின்றார்கள். அவளை வெளியே கொண்டுவந்தால் ஜீப்பு வரை உயிரோடு போவாளா என்பது சந்தேகம்தான்.

பாவாடை மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் அந்தப் பாப்பாவின் பேர் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி அதைப் படித்தேன்.

"அது யாரு பேரு?" என்றேன்.

"காணாமப் போன பாப்பா பேரும்மா. நீங்க வெளியில இருங்க."

"அது எம்மக பாவாடை. எம்மக துணியில எவ பிள்ளை பேரையோ எழுதி ஒட்டுனா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

எஸ்ஐ அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மக எங்க?"

"அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கா. எட்டு வயசு. எட்டு வயசுலயே இருக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "துணி ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். "துணி ஒண்ணு. அளவு ஒண்ணா? போன்ல பாத்தா எல்லாப் பாவாடையும் ஒரே அளவுதான்" என்றேன். பாப்பாவின் தாயைப் பார்த்து, "ஒம்பிள்ளை பாவாடை ஒண்ணு எடுத்துட்டு வா" என்றேன். கொடியில் கிடந்ததைக் கொண்டுவந்தாள். அதை என் தோளில் வைத்துக் கையை நீட்டினேன். கீழ்க்கரை என் மணிக்கட்டுக்கு வரவில்லை. "இப்ப அதைப் பிடிங்க" என்றேன். எஸ்ஐ அம்மா கையுறையோடு பச்சைப் பாவாடையை எடுத்து என் தோளில் வைத்துத் தொங்கவிட்டார். நடுவிரல் நுனியில் வந்து நின்றது. "எம்மகளுக்கு ஒரு கை. டெய்லர்கிட்ட நான் அப்படித்தான் சொல்லித் தைப்பேன். இதைக் கட்டுனா அந்தப் பாப்பா தடுக்கி விழுந்துரும்."

எஸ்ஐ அம்மா இரண்டு பாவாடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பாப்பாவின் தாய் அந்தச் சின்னப் பாவாடையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் மகள் அளவைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அந்தப் பாவாடை அந்த அளவுக்கே சரியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடையில் ஏதோ ஒன்றை வாங்கிப் போட்டிருப்பாள் என்றுதான் இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். சின்னவளிடம் போய்க் குனிந்து, "ஒனக்கு எப்படி அளவு தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க டெய்லர்கிட்ட கைய நீட்டுறப்ப பக்கத்துல நின்னவதானக்கா" என்றாள். "எங்கை ஒங்க கைய விடக் குட்டை. அதனால ஒரு கையும் நாலு விரக்கடையும்னு சொல்லுவேன்."

"ஏண்டி, ஸ்டேசன்காரவுக கேட்டப்ப எம்மகன்னு சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க பேச்சு விட்டவங்க. ஒங்களைக் கேக்காம ஒங்க பிள்ளை பேரை அவுககிட்ட எப்படிக்கா சொல்றது?"

பாவாடையை யாருக்கோ உடுத்திவிட என்னைக் கேட்காதவள், உயிர் போகிற நேரத்தில் பேர் சொல்ல என்னைக் கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இவளை நான் என்னவென்று வைவது?

மத்தியானம் கீரனூரிலிருந்து தகவல் வந்தது. பாப்பா அம்மாவைத் தேடி ரோட்டுக்குப் போய், பஸ்ஸில் ஏறிய பெண்களின் பின்னாலேயே ஏறியிருக்கிறது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். கூட வந்த பிள்ளை என்று கண்டக்டர் கேட்கவில்லை. புதுக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டது. கீரனூரில் பூ விற்கிற அம்மா ஒருத்தி ராத்திரி கூடவே படுக்கவைத்து, விடிந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறாள். ஜீப்பிலிருந்து இறங்கியபோது பச்சைப் பாவாடை அழுக்கேறி, கணுக்காலுக்கு மேலே நின்றது. தாய் ஓடிப் போய்த் தூக்கினாள். அவள் தோள்மேலிருந்து பாப்பா கையை நீட்டியது சின்னவளிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை அது யாரென்று பார்க்கக்கூட இல்லை.

வட்டம் போட்டவர்கள் யாரும் வந்து வட்டத்தை அழிக்கவில்லை. அந்தப் படம் இன்றைக்கும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறதாம். தாயும் பிள்ளையும் அந்த மாசமே வீட்டைக் காலிசெய்து போனார்கள். சின்னவள் எதிரே நிமிர்ந்து பார்க்க முடியாத கூச்சம் அந்தப் பெண்ணுக்கு. போன பிறகு சின்னவள் வாசலில் உட்காருவதில்லை. நானும் அவளும் பேசத் தொடங்கினோம், படைப்புக்கும் போனேன். ஆனாலும் சூடம் அவள் கையில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

சின்னவள் செத்துக் காரியம் முடிந்ததும் அவள் மூத்த மகன், "பெரியம்மா, வீட்டைப் பூட்டிட்டுப் போறோம். சாமி ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்று பெட்டியை என் கையில் கொடுத்தான். விட்டத்தை விட்டு நகரக்கூடாத சாமி, ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து வந்தது. தலைச்சுமை இறங்கியதுபோல இருந்தது. இனி என் மகள் என் மகள்.

இந்த வருஷப் படைப்புக்குத் துணி எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். பழைய டெய்லர் இல்லை, அவர் மருமகள் தைக்கிறாள். தோளைக் காட்டிக் கையை நீட்டி, "ஒரு கை" என்றேன். "கையளவெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அளவுத்துணி கொண்டாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து, பெட்டியை இறக்கி, சின்னவள் கடைசியாக வைத்த பாவாடையை எடுத்துக்கொண்டு போனேன். என் மகளுக்கு உடை தைக்க அவள் தைத்ததுதான் அளவு.

அந்தப் பெண் பாவாடையை உள்பக்கமாகத் திருப்பினாள். கீழ்க்கரைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "உள்ள ரெண்டு விரக்கடை மடிப்பு விட்டுத் தச்சுருக்காங்கம்மா. வளர்ற பிள்ளைக்கு விடுவாங்கல்ல, பிரிச்சுவிட்டுக்கலாம்னு. அதேமாதிரி விடவா?"

அடுத்த வருஷம் உடுத்தப்போகிற பிள்ளைக்காக விட்டிருப்பாள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு வயதிலேயே நின்றுவிட்டாள் என்று எஸ்ஐ அம்மாவிடம் சொன்னவள் நான். சின்னவளோ வருஷா வருஷம் மடிப்பு விட்டிருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"விடவாம்மா?" என்று மறுபடி கேட்டாள்.

"விடு. அவ ரெண்டு விட்டாளா? நீ மூணா விடு" என்றேன்.

அது இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. கூடத்தில் காற்றே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.