இருமல் வரைக்கும் அப்படியே

லண்டன்காரர்கள் எழுதிய அந்த நாடகத்தில் என் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது, வெறும் 'இலங்கைத் தமிழர்'. நான் பக்கா மதுரைக்காரன். ஆக்லாந்தில் அதை மேடையேற்றிய டைரக்டருக்கு எல்லாத் தமிழனும் ஒன்றுதான். லண்டனில் ஓர் அகதியிடம் எடுத்த பேட்டி என் இயர்போனில் ஓடும். அதை மேடையில் இருமல் வரைக்கும் அப்படியே பேச வேண்டும்.

முதல் ஷோ முடிந்ததும் ஓர் அக்கா வாசலில் என்னைப் பிடித்தார். மெலிந்த உடம்பு, நரை ஓடிய பின்னல். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கார்டிகன் கையை இழுத்து விரல்களை மூடிக்கொள்வார்.

"நீர் இருமினது என்ர தம்பியின்ர இருமல். அவன்ர குரலை ஒருக்கா கேக்க விடுவீரோ?"

"நடிக்கிறவங்க மட்டும்தான் கேக்கலாம்னு ரூல் அக்கா," என்றபடியே இயர்போனைக் கொடுத்துவிட்டேன்.

'நான் இங்கே நல்லா இருக்கிறேன்' என்று குரல் ஆங்கிலத்தில் சொல்லி இருமும் இடத்தில் அவர் கண்ணை மூடினார்.

"பொய் சொல்லேக்கதான் இப்பிடி இருமுவான். அவன் கோல் எடுத்துக் கதைச்சு ரெண்டு வருஷம். எங்க இருக்கிறான் எண்டு கேட்டுச் சொல்லும்."

கேட்டேன். பேட்டி கொடுத்தவர்களின் பாதுகாப்புக்காகப் பெயர், விலாசம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றார் டைரக்டர். அதைச் சொன்னபோது அக்கா, "ஓம், அது நல்லதுதான்," என்றார்.

மறுநாளும் வந்தார், முதல் வரிசையில். நல்லா இருக்கிறேன் என்று சொல்லி இருமினேன். ஹால் சிரித்தது. அவர் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேடைப் பக்கம் நீட்டப் போய், மடியில் வைத்துக்கொண்டார்.